சோறு மட்டும் நீங்கள் ஆக்குங்கள்: சமைத்துப் பழகாதவர்களின் கேள்விகளும் பதில்களும்

மதுரையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர்கள், விடுதியில் படிப்பவர்கள், வயதான பிறகு முதல் முறையாக அடுப்படிக்குள் நுழைந்தவர்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். மெஸ் நடத்தியவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எனக்கு வேலை வடபழஞ்சியில். அறை காளவாசல் பக்கம். மூன்று வேளையும் கடையில்தான். சம்பளத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகிறது. சமைக்கச் சுத்தமாகத் தெரியாது. எதிலிருந்து ஆரம்பிக்க?

சோற்றிலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி. சோறு மட்டும்தான். குழம்பு, கூட்டு, பொரியல் என்று முதல் வாரமே இறங்கினால் பத்தாவது நாள் அடுப்பில் தூசி படியும். நம் ஊரில் எந்தத் தெருவிலும் குழம்பு மட்டும் பார்சல் கேட்டால் கொடுக்கும் மெஸ் ஒன்று இருக்கும். சாயங்காலமானால் பரோட்டா கடையில் சால்னா கிடைக்கும். பொடி, ஊறுகாய், அப்பளம், தயிர் எல்லாம் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டன. முழுச் சாப்பாடு வாங்குவதற்கும் குழம்பு மட்டும் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

வாங்க வேண்டியது இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று, கரண்டி ஒன்று, மூடியுள்ள சின்னப் பாத்திரம் ஒன்று. இதற்கு மேல் முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். அரிசியைக் கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் விசாரித்து வாங்கலாம். முதலில் இரண்டு கிலோ மட்டும் வாங்கி ஆக்கிப் பாருங்கள், பிடித்தால் மூட்டை எடுக்கலாம். பொன்னி புழுங்கல் ஒரு டம்ளர் எடுத்து, இரண்டு முறை கழுவி, இருபது நிமிடம் ஊறவைத்து, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி நாலு விசில் விடுங்கள். பச்சரிசி என்றால் இரண்டு அல்லது இரண்டரை டம்ளர் தண்ணீர், மூன்று விசில் போதும். பழைய அரிசி கொஞ்சம் கூடத் தண்ணீர் குடிக்கும், அதை இரண்டாவது தடவை நீங்களே சரி செய்துகொள்வீர்கள். ஒரு டம்ளர் அரிசி ஒருவருக்கு இரண்டு வேளைக்கு வரும்.

அடுப்பே பற்றவைக்க முடியாத நாளும் வரும். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். கூச்சப்படாமல் போய்ச் சாப்பிடுங்கள்.

சமையலைவிடப் பாத்திரம் கழுவுவதுதான் பயமாக இருக்கிறது. ஒரே பாத்திரத்தில் முடிகிற சாப்பாடு ஏதாவது?

இந்தக் கேள்விதான் அதிகம் பேர் கேட்டது. நியாயமான பயம். மெஸ்ஸிலும் ஆள் கிடைக்காமல் தவிப்பது பாத்திரம் கழுவத்தான்.

குக்கரிலேயே முடியும் பருப்பு சாதம் ஒன்றை நன்றாகப் பழகிக்கொண்டால் போதும். முக்கால் டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு. பாசிப்பருப்பைத்தான் சொல்கிறேன், துவரம்பருப்பு வேகச் சற்று அடம் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துக் கழுவி வையுங்கள். குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய், கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய், கருவேப்பிலை. கடுகு வெடித்ததும் நறுக்கிய வெங்காயம், பூண்டு நாலு பல், ஒரு தக்காளி. தக்காளி கரைந்த பிறகு மஞ்சள்தூள் கால் ஸ்பூன், சாம்பார் பொடி ஒரு ஸ்பூன், உப்பு. மேலே அரிசியையும் பருப்பையும் போட்டு நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். நாலு விசில். அடுப்பை அணைத்துவிட்டுக் குளித்துவிட்டு வாருங்கள், விசில் தானாக அடங்கியிருக்கும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அரிசி, பருப்பு வேகும்போது நுரை பொங்கும், ஆகவே குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்புத் தோல் போய் விசில் துளையை அடைத்தால் ஆபத்து. ஆவி அடங்குமுன் மூடியைப் பிடித்து இழுக்கவும் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் குக்கரைப் போல நல்ல துணை கிடையாது.

அதே முறையில் பருப்பைக் குறைத்துத் தக்காளியைக் கூட்டினால் தக்காளி சாதம். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டால் கீரை சாதம். புதுச் சமையல் குறிப்பு எதையும் தேட வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் கேஸ் வைக்கக் கூடாது என்கிறார். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா?

வாங்கலாம். அலுமினியப் பாத்திரம் அதில் சூடேறாது, அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாகப் பார்த்து எடுங்கள். ஆயிரம் வாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், ஒருவர் சமையலுக்கு நாளைக்கு அதுவே தாராளம். அறையில் இருப்பது சின்ன பிளக் பாயிண்ட் என்றால் வீட்டுக்காரரிடம் பெரிய பாயிண்ட் கேட்டு வாங்குங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருக வேண்டாம். கேஸ் வைக்க அனுமதி உள்ளவர்களுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் இருக்கிறது. முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டியே வாங்கலாம்.

விடுதியில் மின்சாரக் கெட்டில் மட்டும்தான் அனுமதி. ராத்திரி படிக்கும்போது பசிக்கிறது. நூடுல்ஸ் தவிர வேறு என்ன?

அவல் இருக்கும்போது எதற்குப் பாப்பா நூடுல்ஸ்? கெட்டி அவல் ஒரு கைப்பிடியை இரண்டு முறை அலசி, மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். தயிர், உப்பு, ஊறுகாய் சேர்த்தால் ஒரு வேளை முடிந்தது. இனிப்பு வேண்டுமானால் நாட்டுச்சர்க்கரையும் வாழைப்பழமும். மெல்லிய அவல் என்றால் அலசியதே போதும், ஊறினால் கூழாகிவிடும்.

முட்டையும் கெட்டிலில் அவியும். முட்டை மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, தானாக அணைந்ததும் மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விடுங்கள். முளைகட்டிய பாசிப்பயறு வைத்திருந்தால் அதன்மேல் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி, வடித்துவிட்டு எலுமிச்சையும் உப்பும் போட்டுச் சாப்பிடுங்கள். முளைகட்டியதை அப்படியே பச்சையாகத் தின்ன வேண்டாம். கெட்டிலில் பால் காய்ச்சாதீர்கள், பொங்கி உள்ளே போனால் கெட்டில் காலி.

கடையில் வாங்கும் மாவு இரண்டாம் நாளே புளித்துவிடுகிறது. பாதியைக் கொட்டுகிறேன். வீணாகாமல் என்ன செய்வது?

வாங்கியதும் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். முழுப் பாத்திரத்தையும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு சுடக் கூடாது, அன்றைக்கு வேண்டியதை மட்டும் பிரித்து எடுங்கள். நம் வெயிலுக்கு வெளியே இருந்தால் மாவு சீக்கிரம் புளிக்கும்.

புளித்துவிட்டால் கொட்ட வேண்டாம். கொஞ்சம் ரவை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கருவேப்பிலை கலந்து ஊத்தப்பமாக ஊற்றுங்கள். பணியாரக் கல் இருந்தால் இன்னும் நல்லது, புளித்த மாவில்தான் காரப் பணியாரம் ருசிக்கும். தொட்டுக்கொள்ள இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் போதும். மாவில் பூசணம் பூத்தாலோ நிறம் மாறினாலோ மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

காய்கறி வாங்கினால் பாதி அழுகுகிறது. வாங்காவிட்டால் சோறும் ஊறுகாயுமாகவே ஓடுகிறது.

அண்ணா நகர் உழவர் சந்தைக்கு ஒரு நாள் காலையில் போங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. விளைவித்தவரே விற்பதால் இடையில் தரகு கிடையாது, விலையும் பலகையில் எழுதியிருக்கும். ஒருவருக்கு வேண்டிய கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். பழங்காநத்தம், சொக்கிகுளம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே சந்தை உண்டு.

எதை வாங்குவது என்பதில்தான் சூட்சுமம். பீர்க்கங்காய், சுரைக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாம் சீக்கிரம் வேகும், விலையும் அடக்கம். வாழைப்பூ, சேனை, பலாக்காய் நல்ல காய்கள்தான், ஆனால் ஆய்வதற்கே ஒரு மணி நேரம் கேட்கும். உங்களுக்கு அவை இப்போது வேண்டாம். சுரைக்காயை நறுக்கி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, பச்சை மிளகாய், சீரகம் போட்டு இரண்டு விசில் விட்டால் கூட்டு. அதையே சோற்றில் பிசைந்தும் சாப்பிடலாம், தோசைக்கும் தொடலாம். மூன்று நாளுக்கு மேல் காய் வாங்காதீர்கள். கீரை என்றால் வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும்.

சின்ன வெங்காயம் உரிப்பது பெரும்பாடு என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து உரியுங்கள், தோல் வழுக்கிக்கொண்டு வரும்.

ரேஷன் அரிசியைக் கழுவும்போது சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்கிறார்களே?

இல்லவே இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி மணி வடிவிலேயே செய்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்தது. நிறம் சற்று மாறியிருக்கும், சில மணிகள் மிதக்கும். பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறீர்கள். சோற்றில் வாடை பிடிக்கவில்லை என்றால் நன்றாக அலசி அரை மணி நேரம் ஊறவையுங்கள். அப்படியும் பிடிக்காதவர்கள் இட்லிக்கு ஊறப்போடலாம்.

குளிர்பெட்டி இல்லை. ராத்திரி மிஞ்சிய சோற்றைக் காலையில் சாப்பிடலாமா?

தண்ணீர் ஊற்றி வைத்த வெறும் சோறு என்றால் சாப்பிடலாம். சோறு ஆறியதும் சுத்தமான பாத்திரத்தில் மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் உப்பு, மோர், சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய். சித்திரை வெயிலில் எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வாடை மாறியிருந்தாலோ நூல் விட்டிருந்தாலோ தொடாதீர்கள்.

குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, தேங்காய் சாதம், தேங்காய்ச் சட்னி இவற்றை ராத்திரி வெளியே வைக்கவே கூடாது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் வெளியே கிடந்த சோற்றைக் காலையில் சூடுபடுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு சூட்டுக்கு அழியாது. வறுத்தாலும் அழியாது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து இரண்டு நாள் சம்பளம் போவதைவிட அரை டம்ளர் குறைத்து ஆக்குவது மேல்.

தங்கச்சி, வயது 68. மனைவி தவறிய பிறகு தனியாக இருக்கிறேன். சர்க்கரை உண்டு. மகள் கேரியர் ஏற்பாடு செய்கிறேன் என்கிறாள். எனக்கு என் கையால் ஏதாவது செய்து சாப்பிட வேண்டும் என்று இருக்கிறது.

செய்யுங்கள் அண்ணே. மதியத்துக்கு மகள் சொன்னபடி கேரியர் இருக்கட்டும், அவள் மனமும் நிம்மதியாக இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரசம். நெல்லிக்காய் அளவு புளியை ஊறவைத்துக் கரையுங்கள். ஒரு தக்காளியை அதில் கையாலேயே பிசைந்து விடுங்கள். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு நாலு பல் இவற்றை இடித்துப் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து அடுப்பில் வையுங்கள். ஓரத்தில் நுரை கட்டி எழும்பும்போது இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதித்தால் ருசி போய்விடும். கடுகு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டி மூடுங்கள். கூடவே ஒரு முட்டை அவித்துக்கொள்ளலாம், ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது.

சர்க்கரைக்குக் குதிரைவாலி நல்லது என்று பலர் சொல்லியிருப்பார்கள். நம் பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் விளைவதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் குதிரைவாலியாக இருந்தாலும் தட்டு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். சோறு எதுவானாலும் அளவைக் குறைத்து, கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடக் கூடாது, மற்றதை உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கப் போகுமுன் சிலிண்டர் வால்வை மூடுவதை மட்டும் பழக்கமாக்குங்கள்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஒரு மணிக்கு வருகிறேன். ஐந்து நிமிடத்தில் சூடாக ஏதாவது வேண்டும்.

கலக்கி போடுங்கள். இரண்டு முட்டை, உப்பு, மிளகுத்தூள், சாயங்காலம் வாங்கிய சால்னா இரண்டு ஸ்பூன். சால்னாவைத் தனியாக ஒரு கொதி விட்டுவிட்டுச் சேர்த்து, நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். கல் நன்றாகக் காய வேண்டும், அதில்தான் எல்லாம். எண்ணெய் விட்டு ஊற்றிய உடனே நாலு பக்கமும் உள்ளே மடித்து, மேலே ஈரம் இருக்கும்போதே தட்டில் கவிழ்த்துவிடுங்கள். அரைவேக்காட்டு முட்டை என்பதால் முட்டை புதிதாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் என்றால் முழுக்க வேகவைத்துக் கொடுங்கள். சால்னா மிஞ்சினால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி சமைக்க ஆசை. மசாலா அரைக்க மிக்ஸி இல்லை.

மிக்ஸி வேண்டாம். அரை கிலோ கோழிக்கு உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, தக்காளி இரண்டு, தட்டிய இஞ்சி பூண்டு. நல்லெண்ணெயில் சோம்பும் கருவேப்பிலையும் தாளித்து வெங்காயம், தக்காளியை வதக்குங்கள். கோழி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், மல்லித்தூள் இரண்டு ஸ்பூன், உப்பு போட்டுக் கிளறினால் கோழியே தண்ணீர் விடும். அதற்கு மேல் அரை டம்ளர் தண்ணீர் போதும். பிராய்லர் என்றால் இரண்டு விசில், நாட்டுக்கோழி என்றால் ஆறு ஏழு விசில். இறக்கியபின் தண்ணியாக இருந்தால் மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் வற்றவிட்டு, கடைசியில் மிளகுத்தூள் தூவுங்கள்.