இளம் குவார்ட்டர்பேக்கை முதலிலேயே எடுக்கலாமா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதிக்கு மேல், பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பற்றிய கேள்விகள்தான். அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கே: அண்ணா, நான் புதிதாகப் பார்க்கிறேன். டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. இங்கே யாரும் விலை கூவுவதில்லை. 32 அணிகள், 7 சுற்றுகள். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. ஆனால் அந்த வாய்ப்பை இன்னொரு அணிக்குக் கைமாற்றலாம். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

கே: கடைசியில் கிடக்கிற அணி கண்ணை மூடிக்கொண்டு குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட வேண்டியதுதானே?

எடுக்கட்டும், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. 2002-இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் புத்தம் புது அணி. முதல் ஆளாக டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அவருக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்க உருப்படியான ஆட்கள் இல்லை. 16 ஆட்டங்களில் 76 முறை பந்தோடு சேர்த்து அவரைத் தரையில் சாய்த்தார்கள். இப்படி அடி வாங்கிய பையனுக்கு, தன் ஆள் எங்கே ஓடுகிறான் என்று பார்ப்பதைவிட, தன்மேல் யார் பாயப்போகிறான் என்று பார்ப்பதே பழக்கமாகிவிடும்.

அதற்காக முதல் வருடச் சறுக்கலைப் பார்த்துப் பதறவும் கூடாது. பெய்டன் மேனிங் 1998-இல் எதிரணியின் கையில் 28 முறை பந்தைக் கொடுத்தார். அவருடைய அணியான கோல்ட்ஸுக்கு 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த வருடம் அப்படியே தலைகீழ்: 13 வெற்றி, 3 தோல்வி.

கே: இன்னொரு அணியின் வாய்ப்பை வாங்கி, வரிசையில் மேலே ஏறிப்போய் எடுப்பது முட்டாள்தனம் என்று எப்போதும் சொல்வீர்களே?

சிகாகோ பேர்ஸ் அணியைப் பார்த்துவிட்டுச் சொன்னது. 2017-இல் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு, அதாவது ஒரே ஒரு படி ஏற, தங்களுடைய தேர்வு வாய்ப்புகளில் மூன்றைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். எடுத்தது மிட்செல் ட்ருபிஸ்கியை. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. பின்னாளில் பெரிய நட்சத்திரமான பாட்ரிக் மஹோம்ஸ் அதே வருடம் பத்தாவது இடத்தில் போனார்.

கே: சார், மஹோம்ஸை எடுத்த சீஃப்ஸ் அணியும் ஏறித்தானே போனார்கள்? 27-லிருந்து 10-க்கு!

சரி, மாட்டிக்கொண்டேன். அடுத்த வருடத்து முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்துத்தான் ஏறினார்கள். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த வீட்டைப் பாருங்கள். முந்தைய சீசனில் 12 ஆட்டம் ஜெயித்த அணி. பயிற்சியாளர் ஆண்டி ரீட். களத்தில் அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் இருந்ததால் பையனுக்கு அவசரமே இல்லை. முதல் வருடம் கடைசி ஆட்டத்தில் மட்டும் இறக்கினார்கள். 2018-இல் அவர் எறிந்த பந்துகளில் 50 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது), சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது.

எனவே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: சீக்கிரம் எடுப்பதில் தப்பில்லை, எந்த வீட்டுக்குள் கூட்டிப்போகிறோம் என்பதுதான் கேள்வி. ஆனால் நல்ல வீடு மட்டும் இருந்தாலும் போதாது. 2021-இல் சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸ் அணி மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொட்டி ட்ரே லான்ஸை எடுத்தது. அங்கே அவர் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே களமிறங்கியது நாலே ஆட்டத்தில். அடுத்த வருடம் 262-ஆவதாக, அதாவது கடைசியோ கடைசியாக, எடுத்த ப்ராக் பர்டி அதே அணியை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார்.

கே: அப்படியானால் கடைசிச் சுற்றுகளில் தேடினால் போதுமே? பெரும் நட்சத்திரமான டாம் பிரேடியையே 199-ஆவதாகத்தானே எடுத்தார்கள்?

லாட்டரியில் ஒருவருக்கு விழுந்தது என்று நீங்களும் சம்பளத்தையெல்லாம் சீட்டு வாங்கப் போடுவீர்களா?

கே: இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் எல்லோரும் முட்டிமோதுகிறார்கள்?

பணம். 2010-இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011-இல் புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். அந்த வருடம் முதலில் போன காம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்கு 2.2 கோடிதான். நல்ல குவார்ட்டர்பேக் மலிவாகக் கிடைக்கும் அந்த நாலைந்து வருடத்தில், மிச்சப் பணத்தை வைத்து மற்ற இடங்களை நிரப்பிக்கொள்ளலாம்.

கே: எடுத்ததும் இறக்கலாமா, பெஞ்சில் உட்கார வைக்கலாமா?

ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று வருடம் ப்ரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சி.ஜே. ஸ்ட்ரவுட் 2023-இல் முதல் ஆட்டத்திலேயே இறங்கி டெக்சன்ஸை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். இதில் சட்டம் எதுவும் கிடையாது.

கே: ஒரு கல்லூரிப் பையனைப் பார்க்கும்போது நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

கையை அல்ல, காலை. பக்கத்தில் ஆள் நெருங்கும்போது பின்வாங்கி ஓடுகிறானா, இல்லை அரை அடி முன்னால் நகர்ந்து பார்வையைத் தூரத்திலேயே வைத்திருக்கிறானா என்று. ஏனென்றால் என்எஃப்எல்லில் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் குரல் கேட்கும். ஆனால் அடுத்த நகர்வைத் தொடங்கக் கொடுக்கும் நேரத்தில், கடிகாரத்தில் 15 வினாடி மிச்சம் இருக்கும்போதே அது நின்றுவிடும். அதற்கப்புறம் அவன் தனி ஆள்.