லாபம் இருந்தது, சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் இல்லை

அன்புள்ள ஐயா,

நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் திருப்பூர். அப்பா பன்னிரண்டு மெஷின் போட்டு பவர்டேபிள் (பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் தையல் கூடம்) நடத்திவந்தார். போன வருடம் மூடிவிட்டார். மூடிய வருடத்தில்தான் அவருக்கு இதுவரை வராத பெரிய ஆர்டர் வந்தது. ஆடிட்டர் போட்டுக் கொடுத்த கணக்கிலும் லாபம் என்றுதான் இருக்கிறது. சொந்தக்காரர்கள், ‘கணக்குத் தெரியாமல் அகலக்கால் வைத்துவிட்டார்’ என்கிறார்கள். அப்பா பதில் சொல்வதில்லை. கல்லூரியில் நிதி மேலாண்மை, பொருளியல், அடக்கவிலைக் கணக்கியல் எல்லாம் இருக்கிறது. வரையறைகளை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறேன். ஆனால் லாபம் வரும் தொழில் எப்படி மூடும் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. இந்தப் பாடங்களை எங்கிருந்து பிடிப்பது? பெயர் போட வேண்டாம்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சு எனக்குத் தெரியும். எழுத வருவதற்கு முன் பதினோரு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதினேன். கணக்கு ரூமுக்கு வெளியே சுவரோரமாக ஒரு மர பெஞ்சு கிடக்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பவர்டேபிள்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதில் உட்காருவார்கள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் டெலிவரி சலான், பில் காப்பி. ‘நாளைக்குச் சம்பளம் போடணுங்க, பாதியாவது கொடுங்க’ என்பார்கள். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. சொன்னேன். அவர்களில் கணக்குத் தெரியாதவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எந்தத் தேதியில் எத்தனை பீஸ் கொடுத்தார்கள், அதில் டேமேஜ் என்று எவ்வளவு பிடித்தோம் என்பதையெல்லாம் நான் லெட்ஜரைப் புரட்டுவதற்குள் வாயாலேயே சொல்லிவிடுவார்கள்.

அதனால் சொந்தக்காரர்கள் சொல்வதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். என்ன நடந்தது என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் வசதிக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் அப்பாவின் எண்களைப் பிறகு நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பீஸுக்குத் தையல் கூலி 10 ரூபாய். டெய்லர் சம்பளம், நூல், கரண்ட், வாடகை எல்லாம் சேர்த்து 8 ரூபாய் செலவு. பீஸுக்கு 2 ரூபாய் நிற்கும். வாரம் 10,000 பீஸ் தைத்தால் பில் 1 லட்சம், செலவு 80,000, லாபம் 20,000. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செலவு ஒவ்வொரு சனிக்கிழமையும் கையிலிருந்து போகிறது, பில் பணமோ எட்டு வாரம் கழித்து வருகிறது. முதல் ரூபாயைக் கண்ணால் பார்ப்பதற்குள் 6,40,000 ரூபாய் வெளியே போயிருக்கும். ஒன்பதாவது வாரத்திலிருந்து வாரம் 1 லட்சம் வரும். அந்த வாரச் செலவு போக 20,000 மிஞ்சும். முதலில் போட்ட 6,40,000 திரும்பிவர, அந்த 20,000 முப்பத்திரண்டு வாரம் சேர வேண்டும். அதுவரை வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருந்தால்தான்.

இந்த 6,40,000-தான் உங்கள் புத்தகத்தில் ‘நடைமுறை மூலதனம்’ என்ற பெயரில் வருகிறது. நடப்புச் சொத்தில் நடப்புப் பொறுப்பைக் கழித்தால் கிடைப்பது என்று வரையறை எழுதியிருப்பீர்கள். அது சரிதான். ஆனால் பவர்டேபிளில் நின்று பார்த்தால் இது எட்டு சனிக்கிழமைகளின் சம்பளம். மெஷின் வாங்க பேங்க் லோன் கொடுக்கும், ஏனென்றால் மெஷினைத் தொட்டுப் பார்க்கலாம். இந்த எட்டு வாரத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் இதற்குப் பணம் ஒதுக்குவதில்லை.

சரி, இப்போது பெரிய ஆர்டருக்கு வருவோம். வாரம் 20,000 பீஸ். கூடுதலாக ஆள் போட்டு, இரண்டு ஷிப்ட் ஓட்டி, செலவு வாரத்துக்கு 1,60,000 ஆகிறது. ஆனால் அடுத்த எட்டு வாரமும் வரப்போவது பழைய பில் பணம்தான், வாரம் 1 லட்சம். வாரத்துக்கு 60,000 துண்டு விழுகிறது. எட்டு வாரத்தில் 4,80,000. இதே எட்டு வாரத்துக்கு ஆடிட்டர் கணக்குப் போட்டால், பில் 16 லட்சம், செலவு 12,80,000, லாபம் 3,20,000 என்று வரும். இரண்டும் உண்மை. பணம் எப்போது வந்தாலும் சரி, வேலையை முடித்துப் பில் போட்ட அன்றே அதை வருமானமாக எழுத வேண்டும் என்பது கணக்கியலின் விதி. லாப நட்டக் கணக்கு அந்த விதிப்படி உண்மையைச் சொல்கிறது. கல்லாப்பெட்டி வேறொரு உண்மையைச் சொல்கிறது.

இதற்கு நடுவில் கம்பெனி, ‘சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து பணம் வரவில்லை, இன்னும் நான்கு வாரம் பொறுங்கள்’ என்று சொன்னால்? நான்கு வாரம் வரவே இல்லை, செலவு மட்டும் 6,40,000. மொத்தத் துண்டு 11,20,000. பில் போட்ட குற்றத்துக்கு அடுத்த மாதமே ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டும். பில்லுக்குப் பணம் வந்ததா என்று அது கேட்காது. மெஷின் லோனின் அசலும் இப்படித்தான். மாதாமாதம் கையிலிருந்து போகும், ஆனால் லாப நட்டக் கணக்கில் அது செலவாக ஏறாது, வட்டி மட்டும்தான் ஏறும். மெஷின் பழசாவதற்காக எழுதும் தேய்மானம் இதற்கு நேர் எதிர். செலவாக ஏறும், கையிலிருந்து ஒரு பைசா போகாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தேர்விலும் குழப்பம் வராது.

ஆக, ‘அகலக்கால்’ என்று சொந்தக்காரர்கள் சொன்ன வார்த்தையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கையில் இருக்கும் நடைமுறை மூலதனம் தாங்காத வேகத்தில் வியாபாரம் வளர்வதை ஓவர்டிரேடிங் என்பார்கள். ஆர்டர் இல்லாமல் மூடுகிற தொழிலை எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். ஆர்டர் வந்து மூடுகிற தொழிலைப் புரிந்துகொள்ள யாரும் மெனக்கெடுவதில்லை. அந்த ஆர்டரை ‘எனக்கு வேண்டாம், பாதி கொடுங்கள்’ என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பாதி கேட்டால் முழுதும் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

இது பன்னிரண்டு மெஷின்காரருக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் டபிள்யூ.டி. கிராண்ட் என்று ஒரு கடைத்தொடர் இருந்தது. 1906-ல் தொடங்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். வளர வேண்டும் என்று வேகமாகக் கடைகளைத் திறந்தார்கள், வாடிக்கையாளருக்குத் தாராளமாகக் கடன் கொடுத்து விற்றார்கள். கடைசி வருடம் தவிர, ஆண்டறிக்கையில் வருடா வருடம் லாபம். ஆனால் அந்த வருடங்களில் பெரும்பாலானவற்றில் வியாபாரத்திலிருந்து உள்ளே வந்த பணத்தைவிட வெளியே போன பணம் அதிகம். இடைவெளியைக் கடன் வாங்கி நிரப்பினார்கள். 1975 அக்டோபரில் திவால் மனு. அத்தனை படித்த முதலீட்டாளர்களும் பேங்க்காரர்களும் லாபத்தைப் பார்த்தே ஏமாந்தார்கள். பின்னால் 1987-ல் அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கையைக் கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கியது. உங்கள் பாடத்திட்டத்தில் கடைசி அலகுகளில் ஒன்றாக அது வரும். நீங்கள் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பொருளியல் எங்கே வருகிறது? எனக்கு மனசு ஆறாத இடம் அதுதான். துண்டு விழுந்த 4,80,000-ஐ உங்கள் அப்பா எங்கே வாங்கியிருப்பார்? பேங்க் கைவிரித்தால் மூன்று வட்டிக்குத்தான். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். மாதம் 14,400 ரூபாய் வட்டிக்கே போகும். அவருக்குப் பணம் தர வேண்டிய ஏற்றுமதி கம்பெனிக்கு பேங்க்கில் பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கைத் தயாரித்து அனுப்புவதற்கான கடன், கிடைக்கிறது, வட்டி இதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தக் கம்பெனிக்கு மேலே இருக்கும் வெளிநாட்டு பையருக்கு அதைவிட மலிவாகக் கடன் கிடைக்கும். சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தை மெதுவாகத் தருவது என்றால் அதுவும் கடன்தான். அப்படியானால் கடன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பணம் மிகவும் மலிவாகக் கிடைக்கிறவருக்கு, மிகவும் விலை கொடுத்து வாங்குகிறவர் கடன் கொடுக்கிறார். தண்ணீர் மேட்டுக்கு ஏறுகிறது. மோட்டார் போட்டு ஏற்றுவது பேர வலிமை. கம்பெனிகள் சில, பவர்டேபிள்கள் பல ஆயிரம். பீஸுக்கு எவ்வளவு என்பதில் மட்டும் பேர வலிமை வேலை செய்வதாகப் புத்தகத்தில் படிக்கிறோம். எத்தனை வாரம் என்பதிலும் அது வேலை செய்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 2023-ல் ஒரு திருத்தம் வந்தது: கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். ஆனால் புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் யார் கொடுப்பார்? அந்தப் பயம்தான் பெஞ்சில் உட்கார வைக்கிறது. எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது டிரெட்ஸ் என்ற ஏற்பாடு. ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற தளத்தில் பில்லை ஏற்றினால், வாங்கியவர் அதை ஒப்புக்கொண்டவுடன் பேங்க்குகள் போட்டி போட்டு அந்தப் பில்லுக்குப் பணம் தரும். வட்டி, தைத்தவரின் தகுதியைப் பார்த்து அல்ல, பணம் தர வேண்டிய கம்பெனியின் தகுதியைப் பார்த்து. தண்ணீர் பள்ளத்துக்கு ஓட இது ஒரு வழி. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு அறிவித்தது. பதிவு செய்தால் போதாது, பில்லை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

இன்னொன்று, சுருக்கமாக. உங்கள் அம்மா பிசிறு வெட்டவும் மடித்து அடுக்கவும் போயிருப்பார். அப்பா தனக்குச் சம்பளம் எழுதியிருக்க மாட்டார். வெளியே வேலைக்குப் போயிருந்தால் இருவருக்கும் கிடைத்திருக்கக்கூடிய வாரக்கூலிதான் வாய்ப்புச் செலவு. ஆடிட்டர் கணக்கில் அதற்கு இடம் கிடையாது, பொருளியலில் உண்டு. அதையும் கழித்த பிறகு நிற்கும் லாபம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்.

அதற்கு ஒரு நோட்டு வாங்குங்கள். அப்பாவின் பழைய பில் புத்தகங்கள் வீட்டில் எங்காவது கட்டி வைத்திருக்கும். ஒரு பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: பில் தேதி, தொகை, பணம் வந்த தேதி, அந்த இடைவெளியில் எத்தனை சனிக்கிழமை. முதல் இரண்டும் பில்லிலேயே இருக்கும். மூன்றாவதை அப்பாவிடம் கேளுங்கள். அவர் நோட்டைப் பார்க்காமலே சொல்வார்.