நிறம் போனால் நீர் தூய்மையாகிவிடுமா?

கேள்வி: சாயக்கழிவுநீரில் பாக்டீரியாவை வளர்த்தால் அது சாயத்தைச் சிதைத்துத் தண்ணீரைத் தெளியவைத்துவிடும் என்கிறார்களே, நொய்யலை இந்த வழியிலேயே மீட்க முடியாதா?
- வாசகர் ஒருவர், காங்கயம்

பதில்: பாக்டீரியா சாயத்தைச் சிதைப்பது உண்மை, ஆனால் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததில் சாயத்தைவிட உப்புக்கே பெரிய பங்கு உண்டு, அந்த உப்பைப் பாக்டீரியாவால் ஒன்றும் செய்ய முடியாது.

துணிச் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கிடையே உள்ள இரட்டைப் பிணைப்பை, ஆக்சிஜன் இல்லாத மூடிய தொட்டியில் சில பாக்டீரியாக்கள் அசோரிடக்டேஸ் என்னும் நொதியின் துணையால் முறித்துவிடுகின்றன. உடனே நிறம் மறைகிறது. காற்றுப்படும் ஆற்றிலோ ஆக்சிஜன் குறுக்கே வந்து இந்த வினையைத் தடுத்துவிடும் என்பதால், ஓடும் நீரில் பாக்டீரியாவைக் கொட்டிப் பயனில்லை. தொட்டியிலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். பிணைப்பு முறிந்ததும் பிறக்கும் அரோமேட்டிக் அமீன்கள் என்னும் வேதிப்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாதவை, அவற்றுள் சில சாயத்தைவிடக் கொடியவை. அவற்றில் ஒன்றான பென்சிடின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும். ஆகவே அந்த நீரை அடுத்த தொட்டியில் காற்றூட்டி, வேறு பாக்டீரியாக்களைக் கொண்டு அமீன்களையும் சிதைத்தாக வேண்டும். வெளுத்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்திக் காட்டும் படங்களை நான் நம்புவதில்லை.

இனி உப்பு. நீரில் பருத்தி இழையும் சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்குவதால், சாயம் ஏற உப்பு போடுகிறார்கள். அடர்நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போவதுண்டு. துணியில் தங்காத அந்த உப்பு முழுவதும் கழிவில்தான் வரும். பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதையும், சுற்றிலுமிருந்த கிணறுகளும் வயல்களும் உவர்ப்பேறியதையும் உங்கள் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விவசாயிகள் விடாது நடத்திய வழக்கில், கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது.

அதன் பிறகு இயங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பாக்டீரியாவுக்கு உரிய இடம் முன்வரிசை: கரிமக் கழிவை அது குறைக்காவிட்டால் அடுத்துள்ள சவ்வூடு வடிகட்டிகள் விரைவில் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியில் பிரியும் நல்ல நீரும், ஆவியாக்கி மீட்கும் உப்பும் மீண்டும் பட்டறைக்கே செல்கின்றன. எனினும் மறுபடி பயன்படாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகச் சேர்வது இன்னும் தீராத சிக்கல்.

உங்கள் கிணற்று நீர் நிறமின்றி இருந்தாலும் அதன் டிடிஎஸ் அளவை, அதாவது அதில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவை, பரிசோதித்துப் பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்புடையது. வேறு நீர் இல்லாதபோது மட்டும் 2000 வரை அனுமதி உண்டு.