பூ கேட்டால் நீள்வட்டம் வருகிறதா?
வணக்கம் தங்கச்சி. சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் திருவிழாப் பேனருக்கு எட்டிதழ்ப் பூ வேண்டும், ஆனால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், வளையத்துக்குள் சக்கரத்தை உருட்டிக் கோடு வரையும் ஸ்பைரோகிராப் கருவியில் வளைய ஆரம் 100, சக்கர ஆரம் 50 கொடுத்தால் நீள்வட்டம்தான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கணினியில் கோளாறு இல்லை. வளையத்துக்குள் ஓடும் சக்கரம் அதில் சரிபாதி என்றால் நீள்வட்டம்தான் கிடைக்கும்.

இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடித்து, வளைய ஆரத்தை அதால் வகுங்கள். வருவதே இதழ்க் கணக்கு. வளையம் 96, சக்கரம் 36 போட்டுப் பாருங்கள்: 96ஐ 12ஆல் வகுத்தால் 8.

அப்புறம் பேனா ஆரம், அதாவது சக்கர மையத்திலிருந்து பேனா நிற்கும் தூரம். 36 என்றால் நுனி கூராக நிற்கும், 25 என்றால் மழுங்கும், 50 என்றால் சுழித்துக்கொண்டு வரும். எனக்கு 50தான் பிடிக்கும்; அம்மா வாசலில் கோலமாவை இழுத்து வளைக்கும் சிக்குக் கோலம் அப்படியே தெரியும்.