தேவாலயத்துக்குள் எச்.டி.ஆர்.: ஜன்னலைக் காப்பாற்றுங்கள், இருட்டைத் துரத்தாதீர்கள்

கேள்வி: புதுச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்காவின் உட்புறத்தைப் படமெடுத்தேன். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வெளிறிவிட்டன. ஜன்னலுக்கு ஏற்ப ஒளியைக் குறைத்தால் தூண்களும் பீடமும் கறுத்துவிடுகின்றன. ஒளியளவை மாற்றி மூன்று படங்கள் எடுத்து மென்பொருளில் எச்.டி.ஆர். (வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் தெரியும்படி இணைக்கும் முறை) ஆகச் சேர்த்தேன். இப்போது எல்லாம் தெரிகிறது, ஆனால் மலிவான காலண்டர் படம் போல இருக்கிறது. எங்கே பிழை?

பதில்: படங்களைச் சேர்த்ததில் பிழை இல்லை. சேர்த்த பிறகு ஸ்லைடர்களை இழுத்த விதத்தில்தான் இருக்கும். நிழல்களைத் தூக்கித் தூக்கி, ஜன்னலை ஒட்டிய சுவரையும் கண்ணாடி அளவுக்கே வெளுக்க வைத்திருப்பீர்கள். பகலில் எடுத்த படத்தில் ஒளி வரும் ஜன்னல்தான் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக இருக்க வேண்டும். அந்த வரிசை குலைந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் ஒப்புக்கொள்ளாது.

இது பழைய சிக்கல்தான். எச்.டி.ஆர். துறையின் புகழ்பெற்ற சோதனைப் படமே ஒரு தேவாலயத்தின் உட்புறம். கணினி ஆய்வாளர்கள் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்ற அந்தப் படம், கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தேவாலயத்துக்குள் எடுக்கப்பட்டது. ஒரு வண்ணக் கண்ணாடிக்கு நேர் பின்னால் சூரியன். 30 விநாடியில் தொடங்கி 1/1000 விநாடி வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்து 16 படங்கள் எடுத்தார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது, அல்லது இரு மடங்காவது. இன்றைய கேமராவின் ரா கோப்பு (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு) ஒன்றே 12 ஸ்டாப் அளவுக்கு ஒளி வேறுபாட்டைத் தாங்கும் என்பதால் உங்களுக்கு 16 தேவையில்லை. மூன்று பெரும்பாலும் போதும். கண்ணாடியில் வெயில் நேராக அடித்தால் ஐந்து. ஜேபெக்கில் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். வெயில் நேராக விழாத பக்கத்து ஜன்னல்களை நோக்கி எடுங்கள், அல்லது மேகமூட்டமான நாளுக்குக் காத்திருங்கள். வேறுபாடு சில ஸ்டாப் குறைந்துவிடும். கண்ணாடியில் உள்ள புனிதர்களின் முகங்களும் தெளிவாகக் கிடைக்கும். டிரைபாட் வைக்கப் பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். திருப்பலி நேரம் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: மின்விசிறிகளைப் பத்து நிமிடம் நிறுத்த முடியுமா? நம் ஊர்த் தேவாலயங்களில் எச்.டி.ஆருக்கு முதல் எதிரி ஜன்னல் அல்ல, தலைக்கு மேல் சுழலும் விசிறிதான். ஒரு படத்தில் இறக்கை தெளிவாக நிற்கும், அடுத்ததில் வட்டமாகக் கலங்கும், சேர்த்ததும் சாம்பல் நிறத் திட்டாக மிஞ்சும். மெழுகுவர்த்திச் சுடருக்கும் இதே கதிதான். மென்பொருளில் உள்ள ‘டீகோஸ்ட்’ வசதி இதை ஓரளவு சரிசெய்யும். நடுத்தர அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் அந்த இடம் ஒரே படத்திலிருந்து எடுக்கப்பட்டுப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

எடுக்கும்போது ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துளை (அபெர்ச்சர்) எஃப்/8, குவியம் (ஃபோகஸ்) கையால் நிலைநிறுத்தியது, வெள்ளைச் சமநிலை ஒரே எண்ணில். துளையைத் தொடாமல் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்ற வேண்டும். டிரைபாடில் இருக்கும்போது அதிர்வு நீக்கியை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். ஓசையில்லாத மின்னணு ஷட்டரைத் தவிருங்கள், எல்.இ.டி. விளக்குகள் இருந்தால் படத்தில் பட்டை விழக்கூடும்.

முதல் படம் ஜன்னலுக்கானது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) மொத்த ஒளியைக் காட்டி ‘சரி’ என்று சொல்லும். ஆனால் சிவப்புக் கண்ணாடி பெரும்பாலும் சிவப்பு ஒளியை மட்டுமே உள்ளே விடுகிறது. அந்த ஒரு நிறம் மட்டும் எல்லையைத் தாண்டிவிட்டால், புனிதரின் செந்நிற மேலாடை மடிப்பே இல்லாத தட்டையான ஆரஞ்சுத் துண்டாகிவிடும். நீலத்திலும் இப்படி நேரலாம். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, எதுவும் வலது சுவரில் முட்டாத வரை ஷட்டரை வேகப்படுத்துங்கள். அது 1/125 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து இரண்டிரண்டு ஸ்டாப்பாக 1/30, 1/8 என்று இறங்குங்கள்; தேவைப்பட்டால் 1/2, 2 விநாடி. பக்கவாட்டு நடையின் இருட்டு மூலை ஹிஸ்டோகிராமின் இடது சுவரை விட்டு விலகியதும் நிறுத்திவிடலாம்.

சேர்ப்பதற்கு லைட்ரூம் போன்ற மென்பொருளே போதும். அது தரும் கோப்பை ரா போலவே திருத்தலாம். ‘ஓவிய பாணி’ என்று தயாராக இருக்கும் முன்னமைவுகள் பக்கமே போகாதீர்கள். முதலில் பிரகாசப் பகுதிகளை இறக்கிக் கண்ணாடியின் நிறத்தை மீட்டெடுங்கள். பிறகு நிழலைக் கொஞ்சமாக உயர்த்துங்கள். கறுப்பை மட்டும் கறுப்பாகவே விடுங்கள்: பெஞ்சுகளின் அடிப்பகுதி, வளைவுகளின் உட்குழிவு, பாடகர் மாடத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் இருட்டாக இருந்தால்தான் தூண்களுக்கு உருட்சி வரும். விளிம்புகளை எடுப்பாகக் காட்டும் ‘கிளாரிட்டி’ ஸ்லைடரை 15-க்கு மேல் நான் தொடுவதில்லை.

அடுத்து, ஜன்னல் விளிம்பை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டத்தைச் சுற்றி வெளிறிய வளையமோ, பக்கத்துச் சுவரில் அழுக்கு போன்ற சாம்பல் நிழலோ தெரிந்தால் அளவு மீறிவிட்டது. நிழலையும் கிளாரிட்டியையும் பாதியாகக் குறையுங்கள். பீடத்து விளக்குகள் மஞ்சளாகவும், ஜன்னல் பக்கத்துச் சுவர் நீலமாகவும் போகும். பீடத்துக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு மஞ்சளைச் சற்றுத் தணித்தால் போதும், முழுவதும் அழித்துவிடாதீர்கள்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு: இன்றைய கைபேசிகள் பலவும் தாமாகவே பல படங்களைச் சேர்த்துத்தான் தருகின்றன. அதை மறுபடியும் எச்.டி.ஆர். செயலியில் போடாதீர்கள். திரையில் ஜன்னலைத் தொட்டு, ஒளியைச் சற்று இறக்கி எடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மறுபடியும் எடுக்கப் போவதற்கு முன் ஒரு சோதனை. உங்கள் மூன்று படங்களில் மிக இருட்டானது ராவில் இருந்தால், அதை மட்டும் திறந்து நிழலை உயர்த்திப் பாருங்கள். தூண்கள் புள்ளியில்லாமல் மேலே வந்துவிட்டால், அந்தக் காட்சிக்கு எச்.டி.ஆரே தேவைப்பட்டிருக்கவில்லை.