பிள்ளைகள் செய்யட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் – கேள்வி பதில்

வாரம் ஒரு வகுப்பு எடுத்தால் வாழ்க்கைத் திறன்கள் வந்துவிடாதா? (ஓர் ஆசிரியை)

பட்டியல் மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான். முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பிறர் நிலையை உணர்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று உலக சுகாதார நிறுவனம் 10 திறன்களைச் சொல்கிறது. எதையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு வரவழைக்க முடியாது. பிள்ளைகள் கையில் நிஜமான வேலை இருக்க வேண்டும்; அது சொதப்பினால் அதன் விளைவும் நிஜமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஓஹையோவில் 1902-ல் ஒரு சிறுவர் மன்றம் தொடங்கியது. பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்கும் ஃபோர்-ஹெச் (4-H) என்ற இளையோர் இயக்கத்தின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். அங்கே பிள்ளைகள் மக்காச்சோளம் பயிரிட்டார்கள், மண்ணைச் சோதித்தார்கள். புதிய விவசாய முறைகளை நம்பத் தயங்கிய பெரியவர்கள்கூட, பிள்ளைகள் செய்து காட்டிய பிறகு மாறினார்கள்.

எங்கள் குழுவில் ப்ராஜெக்டை ஆர்வமாகத் தொடங்குகிறார்கள், பாதியில் விட்டுவிடுகிறார்கள். என்ன செய்வது? (தன்னார்வலர்)

அந்த ப்ராஜெக்டைத் தேர்ந்தெடுத்தது யார்? நீங்கள் என்றால் விடை அங்கேயே இருக்கிறது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் யுனிசெஃபுக்காக 1992-ல் எழுதியதில், பிள்ளைகளின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ் 3 படிகளைப் பங்கேற்பாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை. மேடையில் அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்கு ஒருவரைப் பேச வைப்பது எல்லாம் அந்த வகை. நம் விழாக்களில் பாதி அங்கேதான் நிற்கிறது! இலக்கு, செலவுக்கான தொகை, கடைசி நாள் இவற்றை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். மற்றதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

30 பேரை ஒரே குழுவாக நடத்தலாமா?

வேண்டாம். நாலு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமிலேயே சுமார் 20 சிறுவர்களை 4 அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு சிறுவனைத் தலைவனாக்கினார். ஆறேழு பேர் என்றால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. தலைவர் பொறுப்பு சுற்றி வரட்டும்.

முடிந்ததும் "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் "ஒற்றுமை" என்கிறார்கள்...

ஆமாம், அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். பெரியவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நடந்ததைக் கேளுங்கள். ப்ளான் எந்த இடத்தில் மாறியது? மாற்றலாம் என்று முதலில் சொன்னது யார்? அப்போது யாருக்குக் கோபம் வந்தது? இப்படிக் கேட்டால் கதை வரும். கதைக்குள்ளே திறன் இருக்கும். அப்புறம் "அடுத்த தடவை எதை வேறு மாதிரி செய்வீர்கள்?" என்று கேட்டு, பதிலை அவர்கள் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ப்ராஜெக்டின் முதல் நாளில் அந்தத் தாளைத்தான் எடுக்க வேண்டும். பேசத் தயங்குகிறவர்களை வட்டமாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். சாமான்களை எடுத்து வைக்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள், நிறையப் பேசுவார்கள். இந்தப் பேச்சு இல்லாத செய்முறை வெறும் பொழுதுபோக்கு என்பது என் கட்சி.

எனக்கு 16 வயது, கூச்ச சுபாவம். எங்கள் குழுவில் பொருளாளர் பொறுப்பு தருகிறார்கள். ஏற்கலாமா?

தாராளமாக, தம்பி. கூச்சம் உள்ளவர்களுக்குப் பொருத்தமான பதவி அது. மேடைப் பேச்சு தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கு வாசித்தே ஆக வேண்டும். எண்களைப் பிடித்துக்கொண்டு பேசுவது வெறுங்கையோடு பேசுவதைவிட எளிது.

குழுவில் பிள்ளைகளிடம் கத்தி, ரம்பம், அடுப்பெல்லாம் கொடுப்பது ஆபத்து இல்லையா? (ஒரு தாய்)

முதலில் செய்து காட்டி, பக்கத்தில் நின்று செய்ய வைத்து, பிறகுதான் தனியாக விட வேண்டும். நீங்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டியது வேறு: பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது என்ற விதி அங்கே உண்டா? இல்லையென்றால் சேர்க்காதீர்கள்.

போட்டி, பரிசு வைக்கலாமா?

நான் வைப்பதில்லை. 1956-ல் பிரிட்டனில் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருது என்ற இளையோர் திட்டத்தில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் மோதுவதில்லை. தனக்கு வைத்த இலக்கைத் தானே எட்ட வேண்டும். சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கலந்துகொண்டார் என்று மட்டும் எழுதாமல், அந்தப் பிள்ளை செய்த வேலையை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள்.