‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதும் முன்: வாய் நுண்ணுயிரியல் லேப் கேள்விகள்

வாய் மாதிரிகளைப் பரிசோதிக்கும் லேப்களின் தரக் கட்டுப்பாடு பற்றி வந்தவற்றில் ஆறு கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டேன். பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. கிருமி வளர்க்கும் தட்டில் ஒன்றும் வளரவில்லை என்றால், அது நோயாளியைப் பற்றிய செய்தியா, நம் லேபைப் பற்றிய செய்தியா?

ஆழமான ஈறு பாக்கெட் உள்ளவர்களிடமிருந்து பேப்பர் பாயின்ட் (மெல்லிய காகிதக் குச்சி) வைத்து 20 மாதிரிகள் எடுத்தேன். ஒன்றில்கூட கறுப்பு நிறக் காலனி வரவில்லை. ‘வளர்ச்சி இல்லை’ என்று தீசிஸில் எழுதிவிடலாமா? (ஈறு நோயியல் முதுநிலை மாணவி)

இப்போதைக்கு எழுதாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அதே நாளில், அதே காற்றில்லா ஜாருக்குள் (ஆக்சிஜனை நீக்கிய மூடிய பாத்திரம்), கட்டுப்பாட்டுக் கிருமியாக, அதாவது வளரும் என்று ஏற்கெனவே தெரிந்த கிருமியாக, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் ஏடிசிசி 33277 (ஈறு நோய்க் கிருமியின் தரப்படுத்திய வகை) போட்ட தட்டு ஒன்று இருந்ததா? அது கறுப்பாக வளர்ந்ததா? அப்படி ஒரு தட்டே வைக்கவில்லை என்றால், உங்கள் 20 மாதிரிகளும் இன்னும் எதையும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு லேபில் மூன்று வாரம் காற்றில்லா வளர்ப்பு எல்லாமே வெறுமையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ‘வளர்ச்சி இல்லை’ என்று நாங்கள் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால், ஜார் மூடியில் இருந்த, ஆக்சிஜனை நீக்க உதவும் பல்லேடியம் வினையூக்கி ஈரம் ஏறிச் செயலிழந்திருந்தது. உள்ளே வைத்த மெத்திலீன் ப்ளூ பட்டை நீலமாகவே இருந்திருக்கிறது. ஆக்சிஜன் போயிருந்தால் அது நிறமிழந்து வெளுத்திருக்க வேண்டும். அதை நான் உட்பட யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த ரிப்போர்ட்டுகளை வாங்கிப் போனவர்களை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

அதனால் உங்கள் வேலையை இப்படிப் பின்னோக்கிப் பாருங்கள். பட்டையின் நிறத்தை ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதினீர்களா? வினையூக்கி உள்ள ஜார் என்றால், ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பிறகும் அதை 160 டிகிரி உலர் சூட்டில் சுமார் இரண்டு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். இரத்த அகாரில் (இரத்தம் சேர்த்த வளர்ப்பு ஊடகம்) ஹீமினும் (மில்லிக்கு 5 மைக்ரோகிராம்) வைட்டமின் கே1-உம் (மில்லிக்கு 1 மைக்ரோகிராம்) சேர்த்திருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் இந்தக் கிருமி சரியாக வளராது, கறுப்பும் ஏறாது. ஜாரை இரண்டாம் நாளே திறந்து பார்த்தீர்களா? கறுப்பு நிறம் ஏற 7 நாள் ஆகும், சில சமயம் 14 நாள் வரைகூட ஆகும்.

இன்னொரு சோதனையும் செய்யச் சொல்வேன். பலரும் இதைச் செய்வதில்லை. கட்டுப்பாட்டுக் கிருமியை நேராகத் தட்டில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். அதை ஒரு பேப்பர் பாயின்ட்டில் தோய்த்து, நீங்கள் பயன்படுத்தும் அதே எடுத்துச்செல் திரவத்தில் போட்டு, கிளினிக்கிலிருந்து லேபுக்கு வரும் அதே நேரம் காத்திருக்க வைத்து, பிறகு தட்டில் போடுங்கள். நேராகப் போட்டது வளர்ந்து, இது வளரவில்லை என்றால் கோளாறு வழியில்தான்.

பல் சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸின் எண்ணிக்கைக்கு எம்எஸ்பி (மைட்டிஸ் சலிவேரியஸ் பேசிட்ராசின்) அகார் ஊற்றுகிறோம். சில வாரம் ஒன்றுமே வராது, சில வாரம் எல்லாமே வரும். ஏன்?

மற்ற கிருமிகளைத் தடுக்கச் சேர்க்கும் ஆன்டிபயாட்டிக்கான பேசிட்ராசின்தான் முதல் சந்தேகம். மில்லிக்கு 0.2 யூனிட் என்பது சின்ன அளவு. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தட்டின் குணமே மாறிவிடும். அகார் 50 டிகிரி அளவுக்கு ஆறும் முன் பேசிட்ராசினையும் டெல்லுரைட்டையும் ஊற்றிவிட்டால் கெட்டது. ஊற்றிய தட்டை நாள்கணக்கில் ஃபிரிட்ஜில் வைத்திருந்தாலும் பேசிட்ராசினின் வீரியம் இறங்கும், அப்போது வரக்கூடாததும் வரும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும். வளர வேண்டியதற்கு மியூட்டன்ஸ் ஏடிசிசி 25175, வளரக்கூடாததற்கு இன்னொரு வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸான சாங்குவினிஸ். பலரும் முதலாவதை மட்டும் வைக்கிறார்கள். பேசிட்ராசினே போடாத தட்டிலும் மியூட்டன்ஸ் நன்றாக வளரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம், இந்த அகார் மியூட்டன்ஸின் நெருங்கிய உறவான சோப்ரினஸைக் குறைத்துக் காட்டும். உங்கள் ஆய்வுக்கு அதுவும் தேவை என்றால் இந்த ஒரு தட்டை மட்டும் நம்பாதீர்கள்.

ஆட்டு இரத்தம் கிடைப்பது சிரமம். இரத்த வங்கியில் காலாவதியான மனித இரத்தத்தை அகாரில் சேர்க்கலாமா?

வேண்டாம். கொடையாளரின் உடலில் இருந்த எதிர்ப்பொருள்களும், அவர் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கும் அதில் இருக்கலாம். வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களின் இரத்தச் சிதைவு வளையமும் ஆட்டு இரத்தத்தில் இருப்பதுபோல் தெரியாது. இரத்தத்தில் பரவும் தொற்று லேப் ஊழியருக்கு வரும் அபாயம் வேறு. செம்மறி ஆட்டு இரத்தம் தவறாமல் கிடைக்க வழி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் தயார்த் தட்டுகளை வாங்குங்கள்.

ஒரே உமிழ்நீர் மாதிரியை இரண்டு டெக்னீஷியன்கள் எண்ணினால் பத்து மடங்கு வித்தியாசம் வருகிறது. யாரைத் திருத்துவது?

ஆளைத் திருத்துவதற்கு முன் மாதிரியைக் குலுக்கும் விதத்தைப் பாருங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சங்கிலி சங்கிலியாக இருக்கும் கிருமி. ஒருவர் 10 விநாடி வோர்டெக்ஸ் (கருவியில் வைத்துக் குலுக்குவது) செய்கிறார், இன்னொருவர் ஒரு நிமிடம் செய்கிறார் என்றால், சங்கிலி உடையும் அளவு மாறும், காலனிகளும் மாறும். எத்தனை விநாடி என்பதை எழுதி ஒட்டிவையுங்கள். பிறகு மைக்ரோபிப்பெட். 100 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீரைப் பத்து முறை எடுத்துத் தராசில் போட்டால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.1 கிராம் வர வேண்டும். மாதிரியை நீர்க்கச் செய்யும் ஒவ்வொரு படிக்கும் பிப்பெட் முனையை மாற்றுகிறார்களா என்றும் கவனியுங்கள். எண்ணும்போது 30 முதல் 300 காலனி உள்ள தட்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

பல் நாற்காலித் தண்ணீரைப் பரிசோதித்த லேப் ‘மிக நன்று’ என்று கொடுத்துவிட்டது. நம்பலாமா? (கிளினிக் வைத்திருப்பவர்)

எந்த முறையில் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். மில்லிக்கு 500 சிஎஃப்யு-க்கு (காலனி உருவாக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2003-இல் சொன்ன வரம்பு. ஆனால் குழாயின் உள்சுவரில் படலமாக ஒட்டி வாழ்பவை சத்துக் குறைந்த குளிர்ந்த நீருக்குப் பழகியவை. சத்து நிறைந்த அகாரில் 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் அவற்றில் பல எழுந்தே வராது. சத்துக் குறைந்த ஆர்2ஏ அகாரில், அறை வெப்பத்தை ஒட்டி, 5 முதல் 7 நாள் வைத்தால்தான் உண்மை தெரியும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் மாதிரிப் புட்டியில் சோடியம் தயோசல்பேட் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேபுக்கு வரும் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே வரும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2015-இல் ஜார்ஜியாவிலும் 2016-இல் கலிஃபோர்னியாவின் அனஹைமிலும், பால்பல்லுக்குக் கூழ் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்று வந்தது. அது வந்த வழி பல் நாற்காலித் தண்ணீர். சாதாரண எண்ணிக்கைச் சோதனை இந்தக் கிருமியைத் தனியாக அடையாளம் காட்டாது. எண்ணிக்கை குறைவாக வந்தாலும், எலும்பையோ பல்கூழையோ தொடும் சிகிச்சைக்குக் கிருமி நீக்கிய நீரையே பயன்படுத்துங்கள்.

வெளித்தர மதிப்பீட்டில் (வெளி அமைப்பு மாதிரி அனுப்பி லேபைச் சோதிப்பது) வாய்க் காற்றில்லாக் கிருமிகளுக்கு மாதிரி வருவதில்லை. என்ன செய்வது?

வேலூர் சிஎம்சி நடத்தும் திட்டம் போன்றவற்றில் பொதுவான பாக்டீரியா அடையாளத்துக்கும் மருந்து எதிர்ப்புக்கும் கட்டாயம் சேருங்கள். மீதிக்கு, பக்கத்து ஊரில் இதே வேலை செய்யும் ஒரு லேபோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மாதம் இரண்டு மாதிரிகளைப் பாதியாகப் பிரித்து, பெயர் மறைத்து, இரண்டு இடத்திலும் வளர்த்துப் பாருங்கள். ஒத்துப்போகாத முடிவை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, காரணத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். அனுப்புவதில் ஒன்று உங்கள் கட்டுப்பாட்டுக் கிருமியாகவே இருக்கட்டும். அதுவும் மூலக் கிருமியிலிருந்து ஐந்து மறுவளர்ப்புக்குள் இருக்கும் கிருமியா என்று பார்த்து அனுப்புங்கள்.